சாக்குல ஒட்டியிருந்த வெள்ளைச் சளி: கோபி பக்கம் ஒரு மட்டிக் குட்டை அழிஞ்ச நிகழ்வு ஆய்வு

எங்க பெரியப்பா பையன் கோபி பக்கம் முத்து வளக்கறேன்னு 800 மட்டி, அதாவது நன்னீர்ச் சிப்பி, வாங்கி உட்டதும், 2023 சித்திரைல உட்டது ஆடி 18க்குள்ள வெறும் 61 தான் உசுரோட மிஞ்சுனதும் எங்க ஒறம்பறைல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க, தண்ணி சரியில்லை, கண்ணு பட்டுருச்சு, ஆபரேசன் தப்பு, இப்படி. நான் விலங்கியல் படிச்சவங்கறதால அண்ணன் என்னையக் கூப்புட்டு "தம்பி, ஏன் செத்துதுன்னு மட்டும் எனக்குத் தெரியோணும், பணம் போனது போகுது"ன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் இதுக்குப் பின்னாடி சுத்துனேன், அதை அப்படியே இங்க எழுதறேன்.

மொதல்ல அவரு போன்ல இருந்த ஒரு போட்டோ பத்திச் சொல்லணும். மட்டி கொண்டாந்த அன்னிக்கு எடுத்தது. காலிச் சாக்கு, உள்பக்கமெல்லாம் பஞ்சைப் பிச்சுப் போட்ட மாதிரி வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்குது. "என்னங்ண்ணா இது"ன்னு கேட்டேன். "சளி மாதிரி வந்துச்சு தம்பி, அழுக்குன்னு நெனச்சு பைப்பைப் புடிச்சுக் கழுவி உட்டுட்டோம்"னாரு. அப்ப எனக்கும் சட்டுனு ஓடல. நாலு நாள் கழிச்சுத்தான் அது என்னன்னு ஒறைச்சுது, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

நடந்தது இதுதான். ரெண்டு நாள் வகுப்புக்குப் போயிட்டு வந்தாரு, யாரு நடத்துனதுங்கறது இங்க வேண்டாம். அங்க முத்து வெளையறதுக்கு மட்டிக்குள்ள மணி எப்படி வைக்கறதுன்னு சொல்லிக் குடுத்தாங்க, அது வைக்கப்படற உசுரு எப்படிப் பொழைக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல, என்ற கோவமெல்லாம் அங்கதான். பத்து மைல் தள்ளி ஒரு கொளத்துல ஆளு உட்டு மட்டி எடுத்து, நாலு சாக்குல கட்டி, சின்ன யானை லோடு வண்டில மத்தியான வெய்யல்ல கொண்டாந்தாங்க. உட்டது புதுசா வெட்டுன பண்ணைக் குட்டை, அடில பாலித்தீன் ஷீட்டு, போர் தண்ணி. எறக்குன மறுநாளே மணி வைக்கற ஆபரேசன். அப்பறம் நைலான் வலைப் பைல போட்டுத் தொங்க உட்டாச்சு. தண்ணி கண்ணாடியாட்டம் இருந்துச்சாம், பாக்கறவங்க எல்லாம் நல்ல தண்ணின்னு சொன்னாங்களாம்.

மட்டிக்குக் கண்ணாடித் தண்ணின்னா பட்டினி. அது வாயத் தொறந்து எதையும் கடிக்கற ஜீவன் இல்லைங்க, தலையே கெடையாது. நத்தைக்கு நாக்குல அரம் மாதிரி ஒண்ணு இருக்கும், பாறைல இருக்கற பாசியச் சொரண்டித் திங்கும், மட்டியோட முன்னோருங்க அந்த அரத்தையும் தலையையும் எப்பவோ உதறிட்டாங்க. 50 கோடி வருஷத்துக்கும் முந்தின கேம்ப்ரியன் பாறைல ஃபோர்டில்லா, போஜெடாயான்னு ரெண்டு சிப்பி கெடைக்குது, அரிசி மணி சைஸுதான், அப்பவே ரெண்டு ஓடு, நடுவுல கீல், அவ்வளவுதான் உடம்பு. இன்னைக்கு கடல்லயும் ஆத்துலயுமா பத்தாயிரத்துக்குக் கிட்ட இனம் இருக்குது, எல்லாத்துக்கும் அடிப்படை இந்த ரெண்டு ஓடுதான். செவுளு இருக்குது பாருங்க, அது ஆரம்பத்துல மூச்சுக்கு மட்டும்தான் இருந்துச்சு, இப்பவும் நுகுலாங்கற கடல் சிப்பி சேத்துல இருந்து தனியா ஒரு ஒறுப்பை நீட்டித்தான் சாப்புடுது. மத்த பெரும்பாலான கூட்டம் செவுளையே சல்லடையா மாத்திக்கிச்சு. அதுல கண்ணுக்குத் தெரியாத மயிர் ஓயாம அடிச்சுத் தண்ணிய இழுக்கும், பாசித் துகள் சளில ஒட்டும், அந்தச் சளி நூலு நகந்து வாய்க்குப் போகும். நல்ல பெரிய மட்டி ஒண்ணு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணி சுமாருக்குச் சலிச்சு உடும். இது பாசி இருந்தாத்தான், புது ஷீட்டுக் குட்டைல அது எங்க இருக்கு?

ஒரு மாசம் கழிச்சு யாரோ சொல்லி, சாணியும் சூப்பர் பாஸ்பேட்டும் அளவுக்கு மேல கொட்டிட்டாங்க. ஒரு வாரத்துல தண்ணி பச்சையாச்சு, சந்தோசப்பட்டாங்க. ஆனி மாசம் மூணு நாள் மேக மூட்டம், நாலாவது நாள் காலைல நாத்தம்.

நான் போனது அதுக்கு அடுத்த நாளு. மறுநாள் விடியக்காலம் அஞ்சரைக்கு மீட்டரை உட்டுப் பாத்தேன், ஆக்சிஜன் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம். அதே எடத்துல மத்தியானம் மூணு மணிக்கு 13. பகல்ல பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரி அதே பாசியும் சாணியத் திங்கற பாக்டீரியாவும் சேந்து அத்தனையும் இழுத்துக்கும், வெய்யல் இல்லாத நாள்ல பகல் சம்பாத்தியமும் கொறைஞ்சுபோகும். மீன் இருந்திருந்தா மேல வந்து வாயப் பொளந்து காட்டிக் குடுத்திருக்கும். மட்டி என்ன பண்ணும்? ஓட்டை மூடிக்கும்.

இங்கதான் ஒரு விசயம், மட்டி ஓட்டைத் தொறக்கறதுக்கு பலம் எதுவும் போடறதில்லை. கீல்ல கருப்பா ரப்பர் மாதிரி ஒரு தசைநார் இருக்கும், அது ஸ்பிரிங்கு, எப்பவும் தொறக்கத்தான் பாக்கும். மூடிப் புடிக்கத்தான் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு ரெண்டு தசை. செத்துப்போனா தசை தளந்துரும், ஸ்பிரிங்கு தொறந்துரும். அதனாலதான் செத்த மட்டி வாயப் பொளந்து கெடக்குது. உசுரோட இருக்கறது வெரலை வெச்சா டப்புனு மூடும், அரை உசுரு மெதுவா மூடும். நானும் அண்ணனும் ஒவ்வொரு பையா வெளிய எடுத்துத் தொட்டுத் தொட்டுப் பிரிச்சோம், மெதுவா மூடுனதெல்லாம் ரெண்டு நாள்ல போயிருச்சு.

செத்த ஓட்டை கழுவி வெய்யல்ல வெச்சுப் பாத்தப்ப உள்பக்கம் முத்துப் பளபளப்பு இருக்க வேண்டிய எடத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மங்கலா திட்டுத்திட்டா இருந்துச்சு, நகத்துல சொரண்டுனா பொடியா வந்துச்சு. இது எனக்கு பெரிய சாட்சி. மூடிக்கிட்டு ஆக்சிஜன் இல்லாம உசுரைப் புடிச்சு வெச்சிருக்கும்போது உடம்புக்குள்ள அமிலம் சேரும், அதை முறிக்க மட்டி தன்ற ஓட்டையே உள்ள இருந்து கரைச்சு கால்சியம் எடுத்துக்கும். அப்ப இதுக ஒரே ராத்திரில சாகல. பல ராத்திரி மூடி, பகல்ல தொறந்து மூச்சு வாங்கி, மறுபடி மூடி, தன்ற வீட்டையே கரைச்சு நாளைக் கடத்தியிருக்குதுக. எங்க போர் தண்ணி கடுந்தண்ணி, கால்சியத்துக்கு பஞ்சமே இல்லை, அதனால தண்ணில சத்து இல்லாம ஓடு இப்படி ஆச்சுன்னும் சொல்ல முடியாது.

ஆபரேசனைப் பத்தி சுருக்கமாச் சொல்லிர்றேன், அதுலயும் தப்பு இருந்துச்சு. புவனேஸ்வரத்து நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க நம்ம லேமெல்லிடென்ஸ் மட்டில பல வருஷம் பாத்துச் சொன்ன முறைப்படி, கொண்டாந்த மட்டிய ரெண்டு மூணு நாளு நெருக்கமா வெச்சு தசை தளரவிடணும், அப்பத்தான் உள்ள எதையும் கிழிக்காம ஓட்டை ஒரு சென்டிமீட்டருக்குள்ள தொறக்க முடியும், மணி வெச்சப்பறம் பத்து நாள் தனித் தொட்டில வெச்சு தினமும் பாத்து செத்ததை எடுக்கணும். இங்க மறுநாளே நெம்பித் தொறந்திருக்காங்க, செத்ததை எடுக்காம அதே பைல வெச்சிருந்தாங்க. முத்துங்கறது ஓட்டுக்கு உள்ள இருக்கற மேன்டில்ங்கற மெல்லிசு தோல் செய்யற வேலைதானே, அரகோனைட்டுங்கற சுண்ணாம்புத் தகட்டை செங்கல் மாதிரி அடுக்கி நடுவுல புரதத்தைப் பூசும், ஒரு தகடு அரை மைக்ரான் கனம்தான், வெளிச்சம் அதுல பட்டுச் செதறித்தான் அந்த வானவில் நெறம். அந்தத் தோலையே கிழிச்சுட்டு முத்து எங்க இருந்து வரும்.

சரி, செத்ததுக்குக் காரணம் கெடைச்சுருச்சு, வெய்யல், பட்டினி, கிழிஞ்ச தோலு, கடைசில ஆக்சிஜன். இதோட முடிச்சிருக்கலாம். ஆனா அண்ணன் "மறுபடி அதே கொளத்துல எடுத்துட்டு வந்து சரியா வளக்கலாம்"னாரு. ஆடி கடைசில ரெண்டு பேரும் போனோம்.

தண்ணி முழங்காலுக்கு. ரெண்டு மணி நேரம் காலால தடவித் தேடுனோம், 43 மட்டி. எல்லாமே உள்ளங்கை சைஸு. சின்னது ஒண்ணு கூட இல்லை. எங்க ஆத்தா சொல்லும், அந்தக் காலத்துல கொளத்துல எறங்குனா காலு வைக்க எடமில்லாம மட்டி குத்தும், சின்னதும் பெருசுமா கெடக்கும்னு. நாங்களே பள்ளிக்கூடம் போற வயசுல சிப்பிய கல்லுல தேச்சு நடுவுல ஓட்டை போட்டு அதுலதான் மாங்காத் தோலு சீவுவோம், கைக்கு அடக்கமா எந்த சைஸு வேணுமோ பாத்து எடுப்போம். இப்ப கெழவனும் கெழவியும் மட்டும் இருக்கற ஊரு மாதிரி இருந்துச்சு அந்தக் கொளம்.

அண்ணனுக்கு சமாதானம் ஆகல. வர்ற வழில தடப்பள்ளி வாய்க்காலோரம் எறங்கி மணல்ல கைய உட்டு ஒரு பிடி சின்னச் சின்ன சிப்பி எடுத்துக் காட்டுனாரு. "இத பாரு தம்பி, குட்டி கெடக்குது கூடை கூடையா, இதைக் கொண்டு போயி கொளத்துல உட்டா பெருசாயிருமல்லோ".

அது மட்டிக் குட்டி இல்லைங்க. கோர்பிகுலாங்கற வேற சிப்பி. வெவரம் தெரிஞ்ச நெறயப் பேரே இதுல ஏமாந்துருவாங்க. மட்டி நீளவாட்டு, பச்சையும் பழுப்புமா வழவழன்னு இருக்கும். கோர்பிகுலா முக்கோணமா, குண்டா, மஞ்சப் பழுப்பா, ஓட்டுமேல வெரலால தடவுனா படிப்படியா வரம்பு தட்டும். காலி ஓடு ரெண்டையும் பக்கத்துல வெச்சு கீலைக் காட்டுனேன். கோர்பிகுலால நடுவுல மூணு சின்னப் பல்லு, ரெண்டு பக்கமும் நீளப் பல்லு, அந்த நீளப் பல்லுல சீப்பு மாதிரி பொடிப்பொடியா வெட்டு. மட்டில தகடு மாதிரி மழமழன்னு நீளப் பல்லு, லேமெல்லிடென்ஸ்ங்கற பேரே அதனாலதான் வந்துச்சு. உள்பக்கத்தைப் பாத்தா இன்னும் சுலுவு, மட்டில முத்துப் பளபளப்பு, கோர்பிகுலால பீங்கான் மாதிரி வெள்ளை, சிலதுல ஊதா. முத்துப் பூச்சே கெடையாது, அதுல நூறு மணி வெச்சாலும் பளபளக்காது.

இது ரெண்டும் ஒரே வாய்க்கால் மணல்ல கெடந்தாலும் ஒண்ணுக்கொண்ணு பிரிஞ்சு 40 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. மட்டிக்கு நெருங்கின சொந்தம் எங்க இருக்குன்னா ஆஸ்திரேலியாக் கடல்ல. ட்ரைகோனியான்னு ஒரு சிப்பிக் கூட்டம், டைனோசர் காலத்துல ஒலகமெல்லாம் இருந்துச்சு, கல்லுலதான் பாக்க முடியும்னு நெனச்சிட்டு இருந்தப்ப 1802ல பெரோன்ங்கற பிரெஞ்சுக்காரரு ஆஸ்திரேலியாப் பக்கம் அதோட மிச்சத்தைக் கண்டுபுடிச்சாரு, இப்ப அதுக்கு நியோட்ரைகோனியான்னு பேரு. அந்தக் கல்லுச் சிப்பிய நாம பாக்க ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை, கெழக்கால அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போனாப் போதும். 1871லயே ஸ்டோலிச்காங்கற புவியியல் ஆய்வாளரு அந்தப் பக்கத்துக் கிரிட்டேசியஸ், அதாவது டைனோசர் காலத்தோட கடைசிக் கட்டத்துச் சிப்பிகளுக்குன்னு தனியா ஒரு தடிப் புத்தகம் போட்டிருக்காரு. நான் காலேஜ்ல படிக்கறப்ப காரைக்கும் கல்லங்குறிச்சிக்கும் கூட்டிட்டுப் போனாங்க, சுண்ணாம்புக்கல் சுவத்துல கிரைஃபியா சிப்பி ஒண்ணு மேல ஒண்ணா அடைஞ்சு கெடந்தது இன்னும் கண்ணுலயே இருக்குது. அந்தச் சுண்ணாம்புக்கல்லுதான் சிமெண்டாகுது, நம்ம வீட்டுச் செவுத்துலயும் பழைய கடல் சிப்பி இருக்கும்.

இப்ப கொளத்துக்கு வர்றேன். கோர்பிகுலா ஏன் கூடை கூடையா இருக்குது, மட்டி ஏன் கெழடு மட்டும் இருக்குது?

கடல் சிப்பிக பெரும்பாலும் முட்டையயும் விந்தையும் தண்ணில கொட்டிரும், குஞ்சு அலையோட மெதக்கும், லட்சத்துல ஒண்ணு பொழைச்சாலும் போதும். ஆத்துல அந்த வழி நடக்காது. மெதந்தா ஒரே வழிதான், கீழ, கடைசில கடலு. அதனால ஆத்துக்கு ஏறி வந்த சிப்பிக் கூட்டம் ஒவ்வொண்ணும் வேற வேற வழி கண்டுபுடிச்சுது. கோர்பிகுலா வழி என்னன்னா, குஞ்சை செவுளுக்குள்ளயே வெச்சு வளத்து, ஓரளவு தேறுனதும் நேரா மணல்ல எறக்கி உடறது. அதுல சில வகைக்கு ஜோடியே வேண்டாம், ஒத்தைல பெருகும். வாய்க்காலு நெறையறதுக்குக் கேக்கணுமா.

மட்டி வேற வழி புடிச்சுது, மீன் மேல ஏறிப் போற வழி. தாய் மட்டி தன்ற செவுளையே தொட்டிலா மாத்தி, ஆயிரக்கணக்குல, சில இனத்துல லட்சக்கணக்குல குஞ்சை அடைச்சு வெச்சுக்கும். அந்தக் குஞ்சுக்கு குளோகிடியம்னு பேரு, கால் மில்லிமீட்டர் சுமாரு, ரெண்டு ஓடு, நடுவுல ஒரு தசை. வெளிய வந்ததும் சில நாளுக்குள்ள ஒரு மீனோட செவுளையோ துடுப்பையோ கவ்விப் புடிச்சாகணும், இல்லைன்னா சாவு. புடிச்சிட்டா மீன் தோலு அதை மூடி கூடு மாதிரி கட்டிக்கும், உள்ளயே உருமாறி, சில வாரத்துல உதுந்து சேத்துல விழுந்து தனியாப் பொழைக்கும். மீனு தண்ணிய எதுத்துப் போகுமல்லோ, அதோட இதும் போகும். எல்லா மீனும் ஆகாது, ஒத்துவராத மீனு உடம்பே அதைத் தள்ளி உட்டுரும். அமெரிக்கால லாம்ப்சிலிஸ்னு ஒரு மட்டி, தன்ற மேன்டில் தோலையே கண்ணு வால் துடுப்பு எல்லாம் வெச்ச ஒரு பொடி மீனாட்டம் நீட்டி ஆட்டும், பெரிய மீனு கவ்வ வந்ததும் மூஞ்சில குஞ்சைப் பீச்சி உடும். கண்ணே இல்லாத ஒரு ஜீவன் மீனோட படத்தைத் தன் ஒடம்புல வரைஞ்சு வெச்சிருக்குது, இதை எத்தனை தடவை நெனைச்சாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

அப்ப சாக்குல இருந்த வெள்ளைச் சளி? அதுதான் குஞ்சு. செவுள் நெறையக் குஞ்சை வெச்சிருக்கற தாய் மட்டி, சூடு தாங்காம மூச்சுத் திணறுனா, மொத்தத்தையும் கொட்டிரும், மூச்சுக்கும் தொட்டிலுக்கும் ஒரே செவுளுதானே. நாங்க 739 மட்டி செத்துச்சுன்னு கணக்குப் போட்டுட்டு இருந்தோம், அந்தக் கொளத்தோட அடுத்த தலைமொறை மொத நாளே பைப்புத் தண்ணில போயிருந்துச்சு.

கொளத்துல மிச்சம் இருந்ததுக்கு ஏன் குட்டி இல்லைங்கறதுக்கும் அதே பதில்தான்னு நான் கொளத்துக்காரங்க கிட்ட பேசுனதுல புரிஞ்சுது. குத்தகைக்கு எடுத்தவங்க விக்கற மீன் மட்டும் உட்டு மத்த மீனையெல்லாம் சுத்தமா வலை போட்டு எடுத்திருக்காங்க, அதுக்கும் முந்தி ஜேசிபி உட்டு வண்டல் வழிச்சப்ப சின்னது எல்லாம் மண்ணோட வயலுக்குப் போயிருச்சு. தூர் வாரறது வேணும்தான், நான் வேண்டாம்னு சொல்லல, ஒரு ஓரத்தை உட்டு வெச்சுட்டு வாரலாம்ல. பெரிய அளவுல இதே கதை அமெரிக்கால நடந்துருக்குது. அங்க நன்னீர் மட்டி மட்டும் சுமார் 300 இனம், 1891ல மஸ்கடைன்ங்கற ஊருல போப்பிள்னு ஒருத்தரு மட்டி ஓட்டுல பொத்தான் வெட்ட ஆரம்பிச்சாரு, 1905ல மட்டும் அந்த ஊருல 150 கோடி பொத்தான். திருப்பூர்ல பனியனும் சட்டையும் பாத்து வளந்த நமக்கு அந்த நம்பரோட கனம் புரியும். அப்பறம் அணைக மீனைத் தடுத்துச்சு, மீனு போகாத எடத்துக்கு மட்டியும் போகல. ஏறக்கொறைய 30 இனம் இல்லாமலே போயிருச்சு. நமக்கும் மேட்டூர் 1934, பவானிசாகர் 1955, அமராவதி 1957. ஒரு அணைக்கு மேலயும் கீழயும் இருக்கற மட்டி கூட்டம் அதுக்கப்பறம் வேற வேற ஊருதான்.

அண்ணன் கிட்ட இதையெல்லாம் திண்ணைல உக்காந்து சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்பறம் "அப்ப மீனையும் சேத்து வளக்கோணும்"னாரு.

கொளத்துல எடுத்த 43 மட்டியையும் அன்னிக்கே அங்கயே திருப்பி உட்டாச்சு. ஆவணில ஷீட்டு இல்லாத பழைய மண் குட்டை ஒண்ணை வாய்க்கா தண்ணில நெரப்புனோம். மிஞ்சுன 61 மட்டியயும் சாயந்திரம் ஈரச் சாக்குல சுத்திக் கொண்டு போயி வலைல தொங்க உடாம சேத்துலயே உட்டோம். வாய்க்கால்ல புடிச்ச பொடிக் கெண்டையும் கெளுத்தியும் கூட உட்டோம், சாணி கூடை கணக்கு பாத்துத்தான், காலைல மீட்டர் வெச்சு ஆக்சிஜன் 4க்கு கீழ எறங்குனா அன்னிக்கு நிறுத்திர்றது.

2024 மாசில ஒரு பெரிய மட்டிய மெதுவா கொஞ்சமாத் தொறந்தப்ப வெளிச் செவுள் தடிச்சு உப்பி இருந்துச்சு. ஊசி இல்லாத சிரிஞ்சுல ஒரு துளி எடுத்து ஸ்கூல் மைக்ராஸ்கோப்ல வெச்சோம். குட்டிக்குட்டியா ரெண்டு ஓடு, பொளந்துக்கிட்டு, நூத்துக்கணக்குல. உசுரு இருக்குதான்னு பாக்க ஒரு கல் உப்பு கரைச்ச துளிய ஓரமா உட்டேன், அலை மாதிரி ஓரத்துல இருந்து வரிசையா டப்பு டப்புனு மூடிக்கிச்சு. அண்ணன் கண்ணை எடுக்கவே இல்லை. "கொளத்துத் தண்ணில கை வெச்சா மூடுமே, அதே மாதிரியே மூடுதே தம்பி". அடுத்த மாசம் புடிச்ச கெண்டைல மூணுக்கு செவுள்ல வெள்ளைப் புள்ளி.

மார்கழில தண்ணிய முக்கால்வாசி எறக்கி, ஓரச் சேத்தை மணல் சலிக்கற சல்லடைல போட்டு அலசுனோம். வாய்க்கா தண்ணியோட வந்த கோர்பிகுலா நெறைய. அதுக்கு நடுவுல நீளவாட்டு, இளம்பச்சை, சுண்டு வெரல் நகத்தளவு, ஓட்டுல வெளிச்சம் ஊடுருவற அளவுக்கு மெல்லிசு. மொத்தம் 11. ஒண்ணு மட்டும் செத்த ஓடு, அதைத் தொறந்து வெய்யல்ல திருப்பிப் பாத்தப்ப உள்ள லேசா அந்த வானவில் நெறம். மத்த பத்தையும் அண்ணனே ஒவ்வொண்ணா, கூர் பக்கம் மேல வர்ற மாதிரி, சேத்துல நட்டு வெச்சாரு.